பூஜ்யம் வரக்கூடாது

நேரம் அளக்கிற கவுண்டரில் பூஜ்யம் வந்ததைப் பார்த்ததும் செல்வநாயகிக்கு முதலில் வந்தது சிரிப்பு. துக்க வீட்டில்கூடச் சிலருக்கு அடக்கமாட்டாமல் வந்து தொலைக்குமே, அந்த மாதிரிச் சிரிப்பு. புத்தி திகைத்து நிற்கிற நேரத்தில் வாய் தன்பாட்டுக்குச் செய்துவிடுகிற காரியம். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். பூஜ்யம்தான். செகண்டுக்கு ஒரு தரம் கவுண்டரின் விளக்கு மினுக்குகிறது, மினுக்குகிற ஒவ்வொரு தரமும் அதே பூஜ்யம், ஆகக் கடைசி இலக்கம் மட்டும் ஒன்று, பூஜ்யம், ஒன்று என்று பொழுதுபோகாமல் ஆடிக்கொண்டிருக்கிறது. மணி பத்து இருபது. பதினொன்றுக்குப் பெங்களூரிலிருந்து ஆடிட்டர் வருகிறார், கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் இல்லை, அளவு பார்க்கிற ஆடிட்டர். கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் ஒரு மாடியில் இருக்கிற இந்தக் கூடத்துக்கு ஊரில் உள்ள கம்பெனிகள் எல்லாம் தங்கள் கருவிகளைக் கொண்டுவந்து கொடுத்து, சரியாக அளக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் வாங்கிப் போகும். நேரம் சம்பந்தப்பட்ட சான்றிதழ் என்றால் அடியில் இருப்பது செல்வநாயகியின் கையெழுத்து. பதினெட்டு வருஷ வேலை, அதில் ஆறு வருஷமாகக் கையெழுத்து. அந்தக் கையை இப்போது மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், ஏசிக் குளிரில் கழுத்து மட்டும் வேர்க்கிறது.

இந்தக் கவுண்டர் முதன்முதலில் வந்த அன்றைக்கு வாட்ச்மேன் கீழேயிருந்து போன் போட்டு, கவுண்டர் வந்திருக்கறதா டிரைவர் சொல்றானுங், எந்த ஊர்க் கவுண்டருங், மேலே அனுப்பட்டுங்களா என்று கேட்டதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரித்தார்கள். அதற்கு வேலை ஒன்றே ஒன்று. இரண்டு பெட்டிகள் செகண்டுக்கு ஒரு தரம் தட்டும், முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று இது சொல்லும், அவ்வளவுதான். ஒரு பெட்டி அசையாத பெட்டி, வானத்துச் செயற்கைக்கோளோடு பேசித் தன்னைத் தானே திருத்திக்கொள்வது. இன்னொன்று கூடத்து வேலைக்கான பெட்டி, உள்ளே ஒரு படிகம் துடித்துக்கொண்டிருக்கும். வருகிற கருவிகளை எல்லாம் இதை வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். முதல் பெட்டிக்கு இங்கே பெயர் மாமியார், இரண்டாவது மருமகள். மாமியார் தப்பே செய்யமாட்டாள், மருமகள் என்ன செய்தாலும் மாமியாரை வைத்துத்தான் தப்பா சரியா என்று சொல்வது. செகண்டை நூறு கோடித் துண்டாக நறுக்கினால் ஒரு துண்டு நானோசெகண்ட். அந்தக் கணக்கில் மருமகள் எத்தனை துண்டு முந்துகிறாள், எத்தனை பிந்துகிறாள், எவ்வளவு நடுங்குகிறாள் என்று ராவும் பகலும் பதிவாகிக்கொண்டே இருக்கும். எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் ஒரே நேரத்தில் ஒரே வார்த்தையைப் பேசியிருக்கிறார்கள்? பூஜ்யம் எப்படி வரும்? காலையில் மருமகளிடமிருந்து கவுண்டருக்கு வருகிற நாலு மீட்டர் வயரின் முனை லொடலொட என்று ஆடியதால் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு மீட்டர் வயரை மாட்டினாள். மாமியார் பக்கத்து வயரும் ஒரு மீட்டர்தான். ஒரு மீட்டர் ஓட மின்சாரத்துக்கு அஞ்சு நானோசெகண்ட் ஆகும், மூணு மீட்டர் வித்தியாசத்துக்குப் பதினஞ்சு. நேற்று வரைக்கும் கவுண்டரில் என்ன இருந்தது? பழைய பதிவைக் கணினியில் திறந்து பார்த்தாள். பதினஞ்சு. முந்தாநாள் பதினஞ்சு. சித்திரையில் பதினஞ்சு. படம் வரைகிற நிரல் முதல் எண்ணைக் கழித்துவிட்டுத்தான் கோடு போடும் என்பதால் எண்ணை யாரும் பார்த்ததில்லை, கோட்டைத்தான் பார்த்தார்கள், கோடு ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. இத்தனை நாளும் அவள் அளந்தது ஒரு வயரின் நீளத்தை.

அப்படியென்றால் இரண்டு வயரும் ஒரே பெட்டியிலிருந்து வருகின்றன. மருமகளை மருமகளை வைத்தே அளந்திருக்கிறாள். இருக்காது, இருக்கவே இருக்காது, எழுந்துபோய் அலமாரிக்குப் பின்னால் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும், ஆனால் எழுந்திருக்க மனசு வரவில்லை. பின்னால் ஒரு பிரிப்புப் பெட்டி உண்டு, மேல் வரிசையில் மாமியாரின் தட்டு நாலு துளையில் வெளியே வரும், கீழ் வரிசையில் மருமகளின் தட்டு நாலு துளையில் வரும். அந்த வயரிங் அவளுடைய கோட்டை, வேறு யாரும் கை வைக்கக் கூடாது. எப்போது கடைசியாகக் கழற்றினோம்? ஆயுதபூஜைக்கு. வருஷத்துக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் கழற்றி, தூசி தட்டி, ஈரத்துணியில் துடைத்து, பெட்டிக்குப் பெட்டி சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரியும் சுண்டலும் படைத்து, சாயங்காலம் மாட்டுவார்கள். பொட்டு வைத்தது அவள்தான். அன்றைக்குச் சந்தனம் தண்ணீர் அதிகமாகிக் கொழகொழ என்று இருந்தது, பிரிப்புப் பெட்டியின் பின்பக்கம் வைத்த பொட்டு வழிந்து இறங்கி எழுத்தை மூடியது, துடைக்கப் போனபோது வரவேற்பில் இருக்கிற நாகரத்தினம், பூஜை வெச்ச பொட்டை அழிக்கக் கூடாதுங்க்கா, அடுத்த பூஜை வரைக்கும் இருக்கணும் என்றாள். சரி, எழுத்து எதற்கு, எனக்குக் கை பழக்கம் என்று எண்ணிப் பார்க்காமல் செருகினாள். யாரோ பொரி அள்ளிக் கையில் கொடுத்தார்கள். ஒரு கையில் பொரி, ஒரு கையில் வயர். அந்தப் பொரியின் வாசனைகூட இப்போது மூக்கில் ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று விரல் விட்டால் எட்டு மாசம் ஆகிறது. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள், கெட்டிக்காரியின் புளுகு எட்டு மாசம் ஓடியிருக்கிறது, அது புளுகு என்று அவளுக்கே தெரியாமல்.

எட்டு மாசத்தில் போட்ட கையெழுத்துகளைப் பற்றி நினைக்கப் போனவள் நடுவழியில் திரும்பிவிட்டாள், ஏனென்றால் அதற்குப் பின்னால் வேறொன்று நின்றுகொண்டிருக்கிறது, அதை நேருக்கு நேர் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை. தை மாசத்து மீட்டிங். வெள்ளிங்கிரியண்ணன் எழுந்து நின்று ஒரு காகிதத்தை விரித்தார். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கூடத்தில் இருந்த மனுஷன், அவளுக்கு எட்டு வயது மூத்தவர், வாய் அதிகம் பேசாது. பிரிப்புப் பெட்டிக்கே போகாமல், மாமியார் பெட்டியின் முகப்பிலிருந்து நேராக ஒரு வயர் இழுத்து, பழைய கவுண்டரில் மூணு நாள் அளந்து வைத்திருந்தார். அவர் கோடு மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மருமகப் பெட்டி அலையுதுங், நடுக்கம் சாஸ்தியா இருக்குது என்றார். செல்வநாயகி தன் கோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். எல்லாரும் இரண்டையும் பார்த்தார்கள், மேனேஜர் நடேசன் புருவத்தைத் தூக்கினார். வெள்ளிங்கிரியண்ணன் அவள் கோட்டை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மெதுவாகத்தான் சொன்னார், "அம்மிணி, இத்தனை நல்லா வரக்கூடாதுங் அம்மிணி. பின்னாடி வயரை ஒருக்காப் பாத்துக்கலாமே." இத்தனை நல்லா வரக்கூடாது. அது குற்றச்சாட்டுக்கூட இல்லை, தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவளிடம் சொல்கிற வார்த்தை. ஆனால் பத்துப் பேர் முன்னால் என் வயரிங்கைச் சொல்லிவிட்டாரே என்று அவளுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. நாக்கில் சனி உட்கார்ந்தது. டீ டம்ளர் பிடிக்கும்போது அவர் கை லேசாக நடுங்கும், எல்லாருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. அவள் சொன்னாள், "நடுக்கம் பெட்டியில இல்லீங்ண்ணா, உங்க கையில இருக்குது. கை நடுங்கறவங்களுக்கு எல்லாமே நடுங்கறாப்பலதான் தெரியும்." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடேசனும் சிரித்தார். வெள்ளிங்கிரியண்ணன் காகிதத்தை மடித்தார், மடிக்கும்போது கை நடுங்கியது, அத்தனை பேரும் அந்தக் கையையே பார்த்தார்கள், பார்ப்பதை அவரும் பார்த்தார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் ராஜினாமாக் கடிதம் வந்தது. இரண்டு வாரம் அவளுக்கு உறுத்தியது, பிறகு உறுத்தவில்லை, ஏனென்றால் கோடு நேராக இருந்தது. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், கொட்டினது சரியான நெல்தான் என்று இத்தனை மாசம் நம்பிக்கொண்டு இருந்தவளுக்கு அது எங்கே உறைக்கும்.

எழுந்தாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நுழைந்து, போனின் விளக்கை அடித்துப் பார்த்தாள். சந்தனம் காய்ந்து ஓடாகிப் பிரிப்புப் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்தது, நடுவில் குங்குமம் கறுத்துப்போய். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினாள். பெயர்ந்து பெயர்ந்து விழுந்தது, அவளே எழுதி ஒட்டின துண்டுத்தாள் அடியிலிருந்து வந்தது, அம்புக்குறியோடு, மாமியார் மேலே, மருமகள் கீழே. இரண்டு வயரும் கீழே இருந்தன. பக்கத்துப் பக்கத்துத் துளையில், ஒட்டிக்கொண்டு. மேல் வரிசை நாலு துளையும் காலி. தெரிந்துகொண்டுதான் வந்தாள், ஆனாலும் தூக்கிவாரிப் போட்டது, பேயறைந்த மாதிரி அப்படியே குந்திவிட்டாள், தலையில் அலமாரியின் விளிம்பு இடித்தது வலிக்கவே இல்லை. எவ்வளவு நேரம் அப்படிக் குந்தியிருந்தாளோ, அந்தப் பக்கம் கதவு திறந்து நடேசனின் குரல் கேட்டது. "நாயகி, எங்க இருக்கற? ஆடிட்டர் நீலம்பூர் தாண்டிட்டாராம். அந்த எட்டு மாசக் கோட்டைப் பெருசாப் பிரிண்ட் போட்டு வெச்சுடு, அதைப் பாத்தாலே மனுஷன் குளுந்துருவாரு." அவள் பின்னாலிருந்தே, "சரிங் சார்" என்றாள். குரல் எப்படி இவ்வளவு சாதாரணமாக வந்தது என்று அவளுக்கே ஆச்சரியம். கதவு சாத்திக்கொண்டது. ஒரு வயரைப் பிடுங்கி மேல் வரிசையில் செருகினாள்.

முன்னால் வந்து பார்த்தால் பூஜ்யம் போய்விட்டிருந்தது. நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்து முந்நூற்று இருபத்தேழு. அடுத்த செகண்டு முந்நூற்று நாற்பது. அடுத்தது முந்நூற்றுப் பதினொன்று. அடுத்தது முந்நூற்று ஐம்பத்திரண்டு. மருமகள் எட்டு மாசமாகக் கேட்க நாதியில்லாமல் விலகி விலகி அத்தனை தூரம் போயிருக்கிறாள், போன இடத்திலும் நிற்கமாட்டாமல் உதறிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிங்கிரியண்ணன் சொன்ன நடுக்கம் கண்ணுக்கு முன்னால் செகண்டுக்கு ஒரு தரம் வந்து போகிறது. செல்வநாயகி வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் அந்த யோசனை வந்தது, வரவேண்டாம் என்றாலும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. யாருக்குத் தெரியும்? வயரை மாட்டியாயிற்று, சந்தனத் தூளைக் கூட்டித் தள்ளினால் போயிற்று. மருமகள் பெட்டியின் முகப்பில் ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் மாமியாரோடு மறுபடி சேர்ந்து தட்டும், நாலு லட்சமும் அழிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். அப்புறம் பெட்டி இன்றைக்குக் காலையில்தான் கெட்டது சார் என்று சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்கள்? நேற்று வரைக்கும்தான் கோடு நேராக இருக்கிறதே. பெட்டி கெடுவது சகஜம், வேறு பெட்டி வரும், கையெழுத்து தப்பும். எட்டு மாசத்தில் கொடுத்த இருநூறு சான்றிதழை யார் கிளறப் போகிறார்கள். கையெழுத்துப் போனால் என்ன ஆவேன், மறுபடி வயர் சுற்றி வைக்கிற மேசைக்குத்தானே, நாகரத்தினத்தை எந்த முகத்தோடு பார்ப்பேன், வீட்டில் மகள் என்ன கேட்பாள். அம்மா தப்பே பண்ணமாட்டா என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதினவள் அவள். விரல் பொத்தான் மேல் போய் நின்றது. நின்ற விரல் நடுங்கியது. ஐயோ, இது என்ன, எனக்கும் நடுங்குகிறதே என்று பார்த்தாள், நன்றாகவே நடுங்கியது, டம்ளர் கொடுத்தால் டீ தளும்பியிருக்கும். அவர் கையை அத்தனை பேர் பார்த்த மாதிரி இதைப் பார்க்க இங்கே ஒருத்தரும் இல்லை. பெட்டி இன்றைக்குக் கெட்டது என்று சொன்னால், தை மாசத்தில் அது நன்றாக இருந்தது என்று ஆகிறது. தை மாசத்தில் நன்றாக இருந்தால் அவர் சொன்னது பொய் என்று ஆகிறது. இன்னொரு தரம், இந்தத் தடவை தெரிந்தே, அந்த மனுஷனைப் பொய்யனாக்க வேண்டும். விரலை எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு போனை எடுத்து, பெயரைத் தேடி, கூசிக் கூசி அழுத்தினாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் இருந்தால் தேவலை என்று ஒரு பாதி மனசு வேண்டிக்கொண்டது. எடுத்துவிட்டார். "அம்மிணிங்களா?" என்றார், குரலில் ஒரு கோபம் இல்லை, அதுவே அவளுக்கு அறைந்த மாதிரி இருந்தது. நல்லா இருக்கறீங்களா, பாப்பா என்ன படிக்குது என்று அவராகவே கேட்டார். வடவள்ளிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் பார்த்துக்கொண்டிருக்கிறாராம், முகூர்த்தம் இல்லாத நாளில் வீட்டில்தானாம். பீளமேட்டில் ஒரு கம்பெனியில் அளவு வேலைக்குக் கூப்பிட்டார்களாம், போகவில்லையாம். "ஏனுங்ண்ணா போகல?" என்றாள். அவர் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "நீங்க அன்னைக்குச் சொன்னது சரிதானுங் அம்மிணி. ரெண்டு மூணு நாளு எனக்குக் கோவம், இல்லைன்னு சொல்லல. அப்பறம் யோசிச்சுப் பாத்தேன். உங்க கோடு நேரா இருக்குது, நம்முது மட்டும் ஏன் ஆடுது? கருவி பொய் சொல்லாது. நரம்பு டாக்டர்கிட்டப் போனேன், மாத்திரை குடுத்திருக்கறாரு, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. தூக்கந்தான் சாஸ்தி. கண்ணைக்கூட முன்ன மாதிரி நம்பறதில்லை, மீட்டரைப் பாத்தா இது நெசமா நம்ம கோளாறான்னு ஒரு சந்தேகம். அதுக்கு ஜெனரேட்டரு தேவலைங், ஒண்ணு ஓடும், இல்லாட்டி நிக்கும்." திட்டுவார் என்று செல்வநாயகி நினைத்திருந்தாள், போனை வைத்துவிடுவார் என்று நினைத்திருந்தாள், தான் சொன்னதை நம்பிவிட்டிருப்பார் என்று நினைக்கவே இல்லை. ஒரு வயரின் நீளத்தை நம்பி ஒரு மனுஷன் தன் கையைச் சந்தேகப்பட்டு, கண்ணைச் சந்தேகப்பட்டு, மாத்திரை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"அண்ணா, பெட்டிதானுங்ண்ணா நடுங்குச்சு" என்றாள். "என்னங் அம்மிணி?" "பெட்டிதானுங். உங்க கை இல்லீங். ஆயுதபூஜைக்குக் கழட்டி மாட்டறப்ப ரெண்டு வயரையும் கீழ் வரிசையிலயே செருகிட்டேனுங். மருமகளை மருமகளை வெச்சே அளந்திருக்கறேன், இப்பத்தான் பாத்தேன். நீங்க அளந்ததுதான் சரி." அந்தப் பக்கம் செருப்பு உரசுகிற சத்தம், ஒரு கதவு, வெள்ளிங்கிரியண்ணன் யாரையோ கூப்பிடுகிறார், "பாப்பாத்தி, அந்த அடுப்பை அணைச்சுட்டு இங்க வா. வான்னு சொல்றேன்ல, வந்து உக்காரு." மறுபடி அவள் காதில் அவர் குரல், இந்தத் தடவை கரகரவென்று. "அம்மிணி, போனைச் சத்தமா வெச்சிருக்கறேன். இப்பச் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங். சித்தச் சத்தமாச் சொல்லோணும், எங்கூட்டுக்காரிக்குக் காது மந்தம்." அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. நடேசன் முகம் நிறையச் சிரிப்போடு முன்னால் வந்தார், அவருக்குப் பின்னால் தோல்பையோடு ஆடிட்டர், அவருக்குப் பின்னால் நாகரத்தினம் டீத் தட்டோடு. செல்வநாயகி அவர்களைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்தலாம், அப்புறம் கூப்பிடறேனுங்ண்ணா என்று சொல்லி வைத்துவிடலாம். எழுந்து நின்று, நாலு வீடு தள்ளி இருப்பவளைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள், "அக்கா, நான் ஆபீஸ்ல இருந்து செல்வநாயகி பேசறேனுங். உங்கூட்டுக்காரரு அளந்தது சரிதானுங். எட்டு மாசமாத் தப்பா அளந்தது நானுங். நடுக்கம் பெட்டியிலதானுங் இருந்துச்சு, அவரு கை மேல பழி போட்டது நானுங்." நடேசனின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி நின்றார். ஆடிட்டர் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனில் அந்தம்மாளின் குரல் வந்தது, படித்தவர்களிடம் பேசுகிற மரியாதையோடு, நிதானமாக.

"அப்ப அந்த மாத்திரைய நிறுத்திப்போடலாமுங்களா அம்மிணி?"